இலவச விளையாட்டின் விலை: மிட்டாய்ப் பொட்டலத்திலிருந்து செல்போன் வரை



சென்ற வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு கேள்வி வந்தது. "டீச்சர், இந்த மொபைல் கேம் எல்லாமே இலவசம்தானே? அப்புறம் கம்பெனிக்காரனுக்கு எங்கிருந்து கோடி கோடியா வருது?" கேட்டவர் இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். இரண்டு வரியில் பதில் எழுதத் தொடங்கினேன். பதில் ஒரு பாடமாகவே ஆகிவிட்டது. அதனால் தனிப் பதிவாகப் போடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் செய்வது போல நடுவில் எழுந்து போகாமல் கடைசி வரை படியுங்கள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் கையிலிருந்து காசை வரவழைக்கும் இந்த வித்தைகள் எதுவும் செல்போனில் பிறந்தவை அல்ல. மிட்டாய்ப் பொட்டலத்தில் பிறந்து, பொம்மை இயந்திரத்தில் வளர்ந்து, பிறகுதான் செல்போனுக்குக் குடிவந்தன. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே ஒன்று: வாங்குகிற பொருளின் உண்மை விலை, வாங்குகிறவர் கண்ணில் படக் கூடாது. வரலாற்றைப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும்.

மிட்டாயைத் தூக்கி எறிந்த பிள்ளைகள்

நம் கதை தொடங்கும் இடம் ஜப்பான். இரண்டாம் உலகப் போரில் தோற்று, சோற்றுக்கே திண்டாடி, மெல்ல எழுந்துகொண்டிருந்த காலம். 1950களின் தொடக்கத்தில் டோக்கியோப் பக்கம் கோபாய் கேரமல் என்றொரு மிட்டாய் விற்றது. பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டை இருக்கும். அதில் யோமியுரி ஜயண்ட்ஸ் என்ற பேஸ்பால் அணியின் வீரர் ஒருவர் படம். அணியின் மொத்த அட்டைகளையும் சேர்த்துவிட்டால் பரிசு உண்டு. ஆனால் எல்லா அட்டையும் எளிதில் கிடைத்துவிடாது. பிள்ளைகள் பெட்டி மேல் பெட்டியாக வாங்கினார்கள். அட்டையை எடுத்துக்கொண்டு மிட்டாயை வீசியவர்களும் உண்டு. இனிப்பே அரிதாக இருந்த நாட்டில் நடந்தது இது.

இருபது ஆண்டு கழித்து அதே கதை. 1971இல் கால்பீ நிறுவனம் 'காமென் ரைடர்' என்ற தொலைக்காட்சி வீரனின் அட்டையோடு 20 யென் விலையில் ஒரு நொறுக்குத்தீனி விற்றது. பிள்ளைகள் அட்டையை எடுத்துக்கொண்டு தீனியைக் குப்பையில் போட்டார்கள். பெற்றோரும் ஆசிரியர்களும் குரல் எழுப்ப, நாடு முழுக்கப் பேச்சானது.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்ப் பெட்டிக்கடை ஞாபகம் வந்தது. பிரைஸ் அட்டை நினைவிருக்கிறதா? சுவரில் ஒரு பெரிய அட்டை தொங்கும். மேலே பெரிய பலூன், விசில், பொம்மைக் கடிகாரம் எல்லாம் கட்டியிருக்கும். காசைக் கொடுத்து ஒரு சீட்டைக் கிழித்தால் உள்ளே ஓர் எண். பெரும்பாலும் கிடைப்பது ஒரு சின்ன பலூனோ மிட்டாயோதான். "பெரிய பிரைஸ் சீட்டைக் கடைக்காரர் முன்னாடியே எடுத்து ஒளிச்சு வெச்சிருப்பாரு" என்று நாமே பேசிக்கொள்வோம். பேசிக்கொண்டே மறுநாளும் போய்க் கிழிப்போம். அந்தச் சந்தேகத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொரியாவுக்குப் போகும்போது வேண்டியிருக்கும்.

ஜப்பான் அரசு சும்மா இருக்கவில்லை. அங்கே 1962லேயே பரிசு காட்டி விற்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று வந்தது. அதன் கீழ் 1977இல் நியாய வணிக ஆணையம் ஓர் அறிவிப்பில் தெளிவாகச் சொன்னது: வெவ்வேறு அட்டைகள் சிலவற்றைச் சேர்த்து முடித்தால் பரிசு என்கிற முறை கூடாது. பரிசு சிறிதா பெரிதா என்ற கேள்வியே இல்லை. அந்த முறையே தடை.

1985இல் லோட்டே நிறுவனம் 30 யென் சாக்லேட்டில் 'பிக்குரிமான்' ஸ்டிக்கர்களை வைத்து மறுபடி ஓர் அலையை உண்டாக்கியது. 1988இல் ஆணையம் அதிலும் தலையிட்டு, அரிய ஸ்டிக்கருக்கும் சாதாரண ஸ்டிக்கருக்கும் இருந்த பெரிய ஏற்றத்தாழ்வைக் குறைக்கச் சொன்னது.

ஆறாவது அட்டையின் கணக்கு

'சேர்த்து முடித்தால் பரிசு' என்பதை மட்டும் ஏன் தனியாகத் தடுக்க வேண்டும்? இதற்குக் கணக்கு வேண்டும். பயப்படாதீர்கள், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

ஒரு தொகுப்பில் 6 அட்டை என்று வைத்துக்கொள்வோம். எல்லா அட்டையும் சம எண்ணிக்கையில் அச்சடித்து, நேர்மையாகக் கலந்து பொட்டலத்தில் போட்டிருக்கிறார்கள். முதல் பொட்டலத்தில் எது வந்தாலும் புதிது. இரண்டாவது புது அட்டைக்குச் சராசரியாக 1.2 பொட்டலம் வாங்க வேண்டும். மூன்றாவதற்கு 1.5. நான்காவதற்கு 2. ஐந்தாவதற்கு 3. ஆறாவதற்கு மட்டும் 6 பொட்டலம். மொத்தம் 14.7.

ஐந்து அட்டை கையில் வைத்திருக்கும் பிள்ளை என்ன நினைக்கும்? "ஆறில் அஞ்சு முடிஞ்சது, இன்னும் ஒண்ணே ஒண்ணு." உண்மையில் மொத்தச் செலவில் அவன் தாண்டியிருப்பது 8.7 பொட்டலம், அதாவது ஏறக்குறைய 60 சதவீதம்தான். கண்ணுக்குத் தெரிகிற தூரம் வேறு, காசு போக வேண்டிய தூரம் வேறு. இது எல்லா அட்டையும் சமமாக இருந்தால். கடைசி அட்டையை நூற்றுக்கு ஒன்று என்று அரிதாக்கிவிட்டால், அந்த ஒன்றுக்கு மட்டும் சராசரியாக நூறு பொட்டலம்.

ஆசிரியர் பயிற்சியில் கல்வி உளவியல் பாடத்தில் நாங்கள் படித்த இரண்டு பேரை இங்கே சொல்ல வேண்டும். ஒருவர் சைகார்னிக் அம்மையார். பாதியில் நின்ற வேலை முடித்த வேலையைவிட மனதில் அதிகம் தங்குகிறது என்று 1927இல் எழுதியவர். இன்னொருவர் ஸ்கின்னர். புறாவுக்கு ஒவ்வொரு கொத்துக்கும் தீனி கொடுத்துப் பழக்கிவிட்டு நிறுத்தினால், அது சீக்கிரம் கொத்துவதை விட்டுவிடும். எத்தனையாவது கொத்துக்குத் தீனி வரும் என்றே தெரியாமல் வைத்தால், தீனி நின்ற பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். 1957இல் அவரும் ஃபெர்ஸ்டரும் இதைப் பெரிய நூலாகவே எழுதினார்கள். வகுப்பில் பிள்ளைகளைப் பாராட்டும் முறைக்காக நாங்கள் படித்த பாடம் அது. அட்டைப் பொட்டலத்தில் சைகார்னிக்கும் இருக்கிறார், ஸ்கின்னரும் இருக்கிறார்.

காச்சா என்ற சத்தம்

1965இல் அமெரிக்காவிலிருந்து ஒரு இயந்திரம் ஜப்பானுக்கு வந்தது. 10 யென் நாணயத்தைப் போட்டுக் கைப்பிடியைத் திருகினால் உருண்டை ஒன்று விழும். உள்ளே ஒரு சின்ன பொம்மை. எந்த பொம்மை என்று திறந்தால்தான் தெரியும். திருகும்போது வரும் சத்தம் 'காச்சா', விழும்போது வரும் சத்தம் 'போன்'. அதனால் காச்சாபோன் என்று பெயர். 1977இல் பண்டாய் நிறுவனம் 100 யென் இயந்திரங்களோடு இறங்க, நாடெங்கும் கடைவாசல்களில் இது நின்றது.

இதுவரை ஒரு தடுப்பு இயல்பாகவே இருந்தது. பிள்ளையின் கையில் நாணயம் தீர்ந்தால் விளையாட்டும் தீர்ந்தது. பையில் கை விட்டுப் பார்த்தால் எவ்வளவு போயிற்று என்று தெரியும். செல்போன் அந்தத் தடுப்பை எடுத்துவிட்டது.

2007 வாக்கில் ஜப்பானில் பட்டன் போன்களிலேயே இணைய விளையாட்டுகள் வந்துவிட்டன. கிரீ, டி.என்.ஏ. என்ற இரண்டு நிறுவனங்கள் முன்னணியில் நின்றன. விளையாட்டு இலவசம். உள்ளே அட்டை வேண்டுமா? காசு கட்டிக் குலுக்க வேண்டும். அந்தக் குலுக்கலுக்கும் 'காச்சா' என்றே பெயர். 2010இல் வெளிவந்த 'டிராகன் கலெக்ஷன்' போன்ற அட்டை விளையாட்டுகளின் வெற்றிக்குப் பிறகு 'கொம்பு காச்சா' பரவியது. குறிப்பிட்ட சில அட்டைகளைக் குலுக்கிச் சேர்த்து முடித்தால்தான் அந்த அரிய அட்டை கிடைக்கும். 'கம்ப்ளீட்' என்பதன் ஜப்பானியச் சுருக்கம்தான் 'கொம்பு'.

கோபாய் கேரமல் திரும்பி வந்துவிட்டது, மிட்டாய் மட்டும் இல்லை!

சிறுவர்கள் பெற்றோர் பெயரில் பெருந்தொகைக்குப் பில் ஏற்றிய புகார்கள் குவிந்தன. 2012 மே 5 அன்று, இந்த முறை சட்டவிரோதம் என்று அரசு அறிவிக்கப் போகிறது என யோமியுரி நாளிதழில் செய்தி வந்தது. அடுத்துச் சந்தை திறந்த மே 7 அன்று ஒரே நாளில் இரு நிறுவனங்களின் பங்கும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு விழுந்தன. இரண்டு நாளில் ஆறு பெரிய நிறுவனங்கள் சேர்ந்து தாங்களே அதைக் கைவிடுவதாகச் சொல்லிவிட்டன. மே 18இல் நுகர்வோர் முகமை தன் விளக்கத்தை வெளியிட்டது. ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அவர்கள் புதுச் சட்டம் எதுவும் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். அட்டை சேர்ப்பதற்கு எதிரான அந்த 1977ஆம் ஆண்டு விதியே போதுமானதாக இருந்தது.

தடை செய்தது ஒன்றை, விட்டது மற்றதை

ஆனால் தடையானது 'சேர்த்து முடித்தல்' மட்டும்தான். சாதாரணக் காச்சா அப்படியே இருந்தது. 2016 புத்தாண்டில் 'கிரான்புளூ ஃபேன்டசி' என்ற விளையாட்டில் ஒரு புதிய பாத்திரம் வந்தது. ஒரு குலுக்கல் 300 யென். ஒருவர் அந்தப் பாத்திரத்துக்காக நேரலையில் எல்லோரும் பார்க்கக் குலுக்கினார். கிடைப்பதற்குள் 2,000 குலுக்கல்களுக்கு மேல் ஆகிவிட்டன. செலவு சுமார் 7 லட்சம் யென், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 4 லட்சம் ரூபாய். எதிர்ப்பு கிளம்பியது. 300 முறை குலுக்கியும் வராவிட்டால் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று நிறுவனம் ஓர் உச்சவரம்பு வைத்தது.

நல்லதுதானே என்று தோன்றும். 300 முறை என்றால் 90,000 யென். அந்தப் பாத்திரத்தின் உண்மையான அதிகபட்ச விலை அதுதான். அந்த எண்ணை யாரும் விலைச்சீட்டாக ஒட்டவில்லை. 200 முறை குலுக்கியவருக்கு "இவ்வளவு போட்டாச்சு, இன்னும் நூறுதானே" என்ற எண்ணம் வேறு. ஆறாவது அட்டை மறுபடியும்.

நூற்றுக்கு ஒன்று வாய்ப்பு என்று போட்டிருந்தால் நூறு முறை குலுக்கினால் கட்டாயம் வந்துவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நூறு முறை குலுக்கிய பிறகும் கிடைக்காதவர்கள் நூறில் சுமார் 37 பேர் இருப்பார்கள். கால்குலேட்டரில் 0.99ஐ நூறு முறை பெருக்கிப் பாருங்கள்.

"ரூபாய் போனதே தெரியல அம்மாயி"

இங்கே கொஞ்சம் நிறுத்தி, நான் ஏன் இதையெல்லாம் தேடிப் படித்தேன் என்று சொல்கிறேன். நம் உறவில் ஒரு வீடு. பெயர் வேண்டாம். ஏழாம் வகுப்புப் பையன். மளிகைக் கடைக்குப் பணம் அனுப்ப அவனுக்கே அம்மாவின் போன் பின் நம்பரைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நகைச் சீட்டுக்கு வைத்திருந்த பணத்தில் மூன்று வாரத்தில் 9,000 ரூபாயைக் காணோம். எல்லாம் 80 ரூபாய், 160 ரூபாய் என்று சில்லறையாகப் போயிருந்தது. அப்பா பெல்ட்டை எடுத்துவிட்டார். "திருட்டுப் பயலே" என்று தெருவே கேட்கத் திட்டியிருக்கிறார். பையன் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை.

நான் போய் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டபோது அவன் சொன்னது இது: "ரூபாய் போனதே தெரியல அம்மாயி. வைரந்தான் போச்சு."

முப்பத்தைந்து ஆண்டு பிள்ளைகளோடு இருந்தவள் நான். பொய் சொல்லும் பிள்ளையின் முகம் எனக்குத் தெரியும். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தெரியக் கூடாது என்றே அந்தக் கடை கட்டப்பட்டிருக்கிறது. எப்படி என்பதுதான் கதையின் அடுத்த பகுதி. இது ஜப்பானில் நடந்ததில்லை, அமெரிக்காவில்.

ரூபாயை வைரமாக்கும் வித்தை

காசு கொடுக்கும்போது நம் மனதில் ஒரு சின்ன வலி வருகிறது. பிரெலெக், லோவன்ஸ்டீன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் இதை விரிவாக எழுதினார்கள். கொடுப்பதும் அனுபவிப்பதும் ஒன்றிலிருந்து ஒன்று விலகிப் போகப் போக அந்த வலி குறையும். சூதாட்ட விடுதியில் பணத்தை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் வில்லை கொடுப்பது இதற்குத்தான் உதவுகிறது.

மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் டாலருக்குப் பதில் 'புள்ளி'களை வைத்தது. ஒரு டாலருக்கு 80 புள்ளி. 100 என்று வைத்திருந்தால் யாரும் நொடியில் கணக்குப் போட்டுவிடுவார்கள். 400 புள்ளி என்றால் மனம் 4 டாலர் என்று எண்ணும், உண்மையில் 5 டாலர். 2006இல் 'ஆப்லிவியன்' என்ற விளையாட்டில் குதிரைக்கு ஒரு கவசம் 200 புள்ளிக்கு, அதாவது இரண்டரை டாலருக்கு விற்றார்கள். திரையில் மட்டும் இருக்கும் குதிரைக்குக் கவசமா என்று உலகமே சிரித்தது. சிரித்தாலும் வாங்கினார்கள். 2013இல் மைக்ரோசாஃப்ட் புள்ளி முறையைக் கைவிட்டுப் பணத்துக்கே திரும்பியது. ஆனால் அதற்குள் செல்போன் விளையாட்டுகள் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டன.

ஆப்பிள் 2009இல் விளையாட்டுக்குள்ளேயே வாங்கும் வசதியைத் திறந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் இலவச விளையாட்டுகளுக்கும் அனுமதி கொடுத்தது. அடுத்த ஆண்டு 'ஸ்மர்ஃப்ஸ் வில்லேஜ்' வந்தது. நீல நிறக் குட்டி மனிதர்களின் கிராமம். பயிர் சீக்கிரம் விளைய 'ஸ்மர்ஃப் பெர்ரி' என்ற பழம் வேண்டும். பழத்துக்கு நிஜப் பணம். 2011இல் அமெரிக்காவில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இந்தப் பழத்துக்கு 1,400 டாலர் செலவழித்துவிட்டது செய்தியானது. பெற்றோர் ஒரு முறை கடவுச்சொல் போட்டால் அடுத்த 15 நிமிடத்துக்கு மறுபடி கேட்காமலே வாங்கலாம் என்ற நிலை இருந்ததுதான் பெரிய ஓட்டை. அமெரிக்க மத்திய வணிக ஆணையம் தலையிட்டது. 2014இல் ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலரும், கூகுள் குறைந்தது 1.9 கோடி டாலரும் பெற்றோருக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன.

எட்டு வயதுக் குழந்தைக்குத் தெரிந்தது பழம். நம் பையனுக்குத் தெரிந்தது வைரம்.

இன்னும் சில சில்லறை வித்தைகளும் உண்டு. பாட்டா கடையில் 199 ரூபாய் 95 காசு என்று பார்த்திருப்பீர்கள். இருநூறு என்று சொல்லாமல் நூற்றுச் சொச்சம் என்று எண்ண வைப்பது. அதே வால் இங்கேயும் உண்டு. அடுத்தது பெரிய விலையைக் காட்டிச் சிறியதை விற்பது. 8,000 ரூபாய் மூட்டையும் பக்கத்தில் இருந்தால் 800 ரூபாய் மூட்டை மலிவாகத் தெரியும். முதலில் கண்ணில் பட்ட எண் நம் மதிப்பீட்டை இழுக்கும் என்று ட்வெர்ஸ்கியும் கானமனும் 1974லேயே காட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது மீதி வைப்பது. ஒரு கற்பனைக் கணக்கு: நீங்கள் கேட்ட உடை 120 வைரம். வைரம் 100, 300 என்ற மூட்டைகளில் மட்டுமே விற்கும். 100 பத்தாது, 300 வாங்கினால் 180 மிஞ்சும். அடுத்த உடை 200 வைரம். "இருக்கிற 180 வீணாகக் கூடாதே" என்று மறுபடி வாங்குவோம். துணிக்கடையில் ஒன்றரை மீட்டர் கேட்டால் ஒன்றரை மீட்டர் கிழித்துத் தருவார்கள். இங்கே கேட்ட அளவு ஒருபோதும் கிடைக்காது.

பெரிய பிரைஸ் சீட்டு ஒளிந்திருந்த இடம்

இப்போது கொரியா. 'மேப்பிள் ஸ்டோரி' என்பது நெக்ஸான் நிறுவனத்தின் புகழ்பெற்ற கணினி விளையாட்டு. அதில் 2010இல் 'கியூப்' என்ற குலுக்கல் பொருளை விற்றார்கள். பிற்பாடு பலரும் விரும்பும் பலன்களுக்கான வாய்ப்பைச் சொல்லாமல் குறைத்தார்கள். 2011 முதல் 2021 வரை சில விரும்பத்தக்க சேர்க்கைகளின் வாய்ப்பு பூஜ்யமாகவே இருந்ததை நியாய வணிக ஆணையம் கண்டறிந்தது. பூஜ்யம்! எத்தனை ஆயிரம் முறை குலுக்கினாலும் வரவே வராது. 2024 ஜனவரியில் 1,160 கோடி வோனுக்கு மேல் அபராதம். நம் பெட்டிக்கடைக்காரர் மேல் சந்தேகம்தான் பட்டோம். இங்கே ஆவணத்தோடு நிரூபணமாகிவிட்டது.

அதற்கு முன்பே நாடுகள் ஒவ்வொன்றாக விழித்திருந்தன. சீனா 2017 மே முதல் வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்றது. 2019இல் சிறுவர்கள் மாதம் எவ்வளவு செலவிடலாம் என்பதற்கே வரம்பு கட்டியது. பெல்ஜியம் 2018இல் சில விளையாட்டுகளில் காசு கட்டிக் குலுக்கும் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. 2022 டிசம்பரில் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டின் உரிமையாளரான எபிக் நிறுவனம், ஒரே பொத்தானைத் தவறி அழுத்தினாலும் பணம் போகும் குழப்பமான அமைப்புக்காக 24.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

2025 ஜனவரியில் வந்த அமெரிக்க உத்தரவு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 'கென்ஷின் இம்பாக்ட்' விளையாட்டில் பணம் ஒரு வகைக் கல்லாகி, அந்தக் கல் இன்னொரு வகைக் கல்லாகி, பிறகுதான் குலுக்கல் சீட்டாகும். 2 கோடி டாலர் அபராதத்தோடு ஆணையம் விதித்த நிபந்தனைகளில் ஒன்று: குலுக்கலை நேரடியாக நிஜப் பணத்தில் வாங்கும் வழியும் இருக்க வேண்டும். அதே ஆண்டு மார்ச்சில் ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகளும், விளையாட்டுக்குள் விற்கும் பொருளின் விலையை நிஜப் பணத்திலும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்றன. எழுபது ஆண்டுக்கு மேல் சுற்றி வந்து உலகம் சேர்ந்த இடம் இதுதான்: விலையை விலையாக எழுது.

நம் ஊரில்

"நம்ம ஊர்லதான் ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடை வந்தாச்சே டீச்சர்" என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டமும், 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டமும் பெரும்பாலும் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் விளையாட்டுகளையே குறிவைக்கின்றன. வைரம் வாங்கும் பிள்ளை பணம் ஜெயிப்பதில்லை. அவனுக்குச் செலவு மட்டுமே. அதனால் அவன் அந்தச் சட்டங்களின் நிழலுக்கு வெளியே நிற்கிறான்.

ஆனால் கைவசம் ஒன்று இருக்கிறது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையத்தில் நுகர்வோரை ஏமாற்றும் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டு வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. "இன்னும் இரண்டே மணி நேரம்" என்று பொய்யாக அவசரப்படுத்துவது அதில் ஒன்று. புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப்பாடம்

என் மாணவர்களில் பலர் இன்று பெற்றோர். உங்களுக்கு மூன்று வேலை தருகிறேன்.

ஒன்று: பின் நம்பர் பிள்ளையிடம் இருந்தால் இன்றே மாற்றுங்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி போனில் அமைத்துவிடுங்கள்.

இரண்டு: மாதம் ஒரு முறை வங்கிக் கணக்கில் சில்லறைச் செலவுகளைக் கூட்டிப் பாருங்கள். பெரிய தொகையைத்தான் நாம் கவனிப்போம். இந்த வியாபாரம் 80 ரூபாயாகவே வரும்.

மூன்று, இதுதான் முக்கியம்: பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் ஆசைப்படும் பொருளை ரூபாயில் கணக்குப் போடச் சொல்லுங்கள். எத்தனை வைரம்? ஒரு வைரம் எத்தனை பைசா? மீதி எவ்வளவு மிஞ்சும்? குலுக்கல் என்றால் வாய்ப்பு எவ்வளவு, சராசரியாக எத்தனை முறை? நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள், அவனே போடட்டும். அந்த வீட்டுப் பையனோடு நான் இதைத்தான் செய்தேன். ஒரு துப்பாக்கி வண்ணத்துக்குச் சராசரியாக 2,400 ரூபாய் என்று அவனே கண்டுபிடித்தபோது, என்னிடம் எதுவும் பேசாமல் அந்தத் தாளை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினான். அப்பா அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டோக்கியோவில் மிட்டாயை வீசிய பிள்ளைகளையும் அன்று கெட்டுப்போன தலைமுறை என்றுதான் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த நாட்டின் சட்டம் பிள்ளைகளைத் தண்டிக்கவில்லை, பொட்டலம் விற்கும் முறையைத் திருத்தியது. சட்டம் வரும் வரை நம் வீட்டில் அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். பிள்ளையிடமிருந்து போனைப் பிடுங்குவதற்கு முன் ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள்.

கணக்கில் எங்காவது சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள், பிள்ளையின் பெயர் மட்டும் போடாதீர்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்